பஸ்தியாம்பிள்ளையும் எட்டு யார் பாவாடையும்

1993ஆம் ஆண்டு, உயிர்த்த ஞாயிறு கழிந்து மூன்றாம் நாள், லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் ஒரு புரட்சி நடந்தது. அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாது. படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் நின்று, பஸ்தியாம்பிள்ளை தனக்குப் பிடித்த ஓர் உடுப்பைத் தானே எடுத்துப் போட்டுப் பார்த்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு.

இதிலென்ன புரட்சி என்று கேட்பவர்களுக்கு அஞ்சலீனாவைத் தெரியாது. கலியாணத்துக்கு முதல் பஸ்தியாம்பிள்ளை தாய் எடுத்து வைத்ததைப் போட்டார். கலியாணத்தன்று மாமனார் தைப்பித்த கோட்டைப் போட்டார். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருசமாக அஞ்சலீனா கட்டிலில் எடுத்து வைப்பதைப் போடுகிறார். மன்னாரிலும் அப்படித்தான், லண்டனுக்கு அகதியாக வந்த பிறகும் அப்படித்தான். நாடு மாறியது, பாஸ்போட்டின் நிறம் மாறியது, மகள் வளர்ந்து லெஸ்ரருக்குப் படிக்கப் போய்விட்டாள். நீலச் சேட்டா வெள்ளைச் சேட்டா என்று முடிவெடுக்கும் அதிகாரம் மட்டும் அவர் கைக்கு வந்து சேரவேயில்லை. அஞ்சலீனா வேறு தையல்காரி. தோர்ண்டன் ஹீத்திலிருந்து டூட்டிங் வரை சீலை கட்டுகிற பெண்களில் பாதிப் பேருக்கு பிளவுஸ் தைப்பது அவள்தான். துணி விசயத்தில் அவளோடு யார் வாயாடுவது?

பஸ்தியாம்பிள்ளை போட்டுப் பார்த்தது ஒரு கில்ட். ஸ்கொட்லாந்து ஆண்கள் கட்டுவது. சிவப்பும் கரும்பச்சையுமாகக் கட்டம் போட்ட நல்ல கம்பளித் துணி, எட்டு யார், அதாவது எட்டுக் கெஜம், பின்பக்கம் முழுக்க மடிப்பு மடிப்பாக அடுக்கியிருந்தது. இடுப்பு அச்சொட்டாகப் பொருந்தியது. நீளம்தான் உதைத்தது. முதலில் கட்டினவர் ஆறடி இரண்டங்குலம். இவர் ஐந்தடி மூன்று. முழங்காலில் நிற்க வேண்டியது பாதிக் கெண்டைக்காலைத் தாண்டி இறங்கியிருந்தது. கண்ணாடியில் பார்த்தால் கோயில் மாதா சுரூபத்துக்கு மீசை வைத்தது போல இருந்தது. ஆனாலும் பஸ்தியாம்பிள்ளைக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஒரு சுற்றுச் சுற்றினார். மடிப்புகள் விரிந்து பறந்தன. இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

இரண்டாம் சுற்று முடிகிற நேரம் கதவு திறந்தது.

"இஞ்சாருங்கோ, மீனைப் பொரிக்கவோ குழம்பு..." அஞ்சலீனாவின் வசனம் பாதியில் நின்றது. அது ஒரு நாளும் பாதியில் நிற்பதில்லை.

"என்ன இது?"

"கில்ட்."

"கில்ட் நகை எண்டா எனக்குத் தெரியும், ஊரை ஏமாத்தப் போடுறது. இதென்ன பாவாடை?"

"பாவாடை இல்லையப்பா. ஸ்கொட்லாந்துக்காரரின்ர வீர உடுப்பு. இதைக் கட்டிக்கொண்டுதான் அவங்கள் சண்டைக்குப் போனவங்கள்."

"நீங்கள் ஆரோட சண்டைக்குப் போறியள்?"

அதற்கு உண்மையான பதில் வாசற்படியில் இடுப்பில் கை வைத்து நின்றது.

"முன்னால என்ன பை தொங்குது?"

"இதில பொக்கற் இல்லைத்தானே. வீட்டுத் திறப்பு, சில்லறை வைக்கிறதுக்கு."

"அப்பிடியே நூற்றொன்பதாம் நம்பர் பஸ்ஸில ஏறுங்கோ. கொண்டக்டர் எண்டு நினைச்சு சனம் ரிக்கற் கேக்கும்."

"வீட்டில சாரம் கட்டுறன்தானே? அதுக்கு நீர் ஒண்டும் சொல்லுறேல்லை. அதுவும் சுத்திக் கட்டுறது, இதுவும் சுத்திக் கட்டுறது."

"சாரம் வீட்டுக்குள்ள. பெல் அடிச்சா நான்தானே போய்க் கதவு திறக்கிறன்." அஞ்சலீனா கிட்ட வந்து துணியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துப் பார்த்தாள். அது தையல்காரியின் பழக்கம். "துணி நல்ல துணிதான். சரி, உள்ளுக்கு என்ன போடுறது?"

பஸ்தியாம்பிள்ளை ஜன்னலைப் பார்த்தார்.

"கேட்டது விளங்கேல்லையோ? உள்ளுக்கு?"

"அது... அவங்கட வழக்கம் கொஞ்சம் வேற."

"என்ன வேற?"

"காத்தோட்டமா இருக்கட்டும் எண்டு..."

"சேசுவே!" அஞ்சலீனா சிலுவை அடையாளம் போட்டாள். "கழட்டுங்கோ. இப்பவே கழட்டுங்கோ."

"இப்ப கழட்ட ஏலாது."

"ஏன்?"

"கதவு திறந்திருக்கு."

இந்த இடத்தில் மக்கென்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பத்தைந்தாம் ஆண்டு மார்கழியில் பஸ்தியாம்பிள்ளை மெல்லிய சேட்டோடு ஒரு பார்சல் டிப்போவில் வேலைக்குச் சேர்ந்தார். முதல் நாள் காலையில் அவருடைய பல்லுகள் அடித்த தாளத்தைக் கேட்டு, ஆறடி உயர மேற்பார்வையாளர் ஒருவர் வந்து, ஒன்றும் பேசாமல் தன்னுடைய கோட்டைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டுப் போனார். அதுதான் மக்கென்சி. கோட் பஸ்தியாம்பிள்ளையின் கணுக்கால் வரை வந்தது. அன்றிலிருந்து ஏழு வருசத்துக்கு மேல், ஒருவர் பேசும் இங்கிலிசு மற்றவருக்குப் பாதிதான் விளங்கும் என்பதால், இரண்டு பேரும் ஒரு வாக்குவாதமும் இல்லாமல் சிநேகிதமாக இருந்தார்கள்.

இப்போது மக்கென்சி ஓய்வு பெறுகிறார். மே மாதம் இருபத்திரண்டாம் திகதி, சனிக்கிழமை பின்னேரம், குரொய்டனில் ஒரு மண்டபத்தில் பிரியாவிடை. வாலிப வயதில் கட்டின கில்டை அவர் பஸ்தியாம்பிள்ளையின் கையில் கொடுத்து, "எனக்கு இது இடுப்பில் ஏறாது. பெரிதாக இன்னொன்று வைத்திருக்கிறேன். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு சேர்ந்து நுழைவோம்" என்றார். பஸ்தியாம்பிள்ளை அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பதக்கம் தந்தாலும் அப்படி அணைத்திருக்கமாட்டார்.

"அந்த மனுசன் எனக்குச் செய்த மரியாதை. நான் அதைக் கட்டாம போகேலுமே?" என்று, கில்டோடு பிடிபட்ட அன்று பின்னேரம் அஞ்சலீனாவிடம் கெஞ்சினார்.

"மரியாதை செய்யிறதெண்டா நூறு கட்லற் செய்து தாறன். கொண்டுபோய்க் குடுங்கோ."

"கட்லற்றும் கில்டும் ஒண்டே?"

"கட்லற்றை ஆரும் பாத்துச் சிரிக்கமாட்டினம்."

மூன்று நாள் இப்படிப் போனது. நாலாம் நாள் பஸ்தியாம்பிள்ளை தோற்றவர் மாதிரித் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "உமக்குப் பிடிக்காட்டி எனக்கு என்னத்துக்கு? திருப்பிக் குடுத்திடுறன்" என்றார்.

"அதுதான் நல்லது" என்றாள் அஞ்சலீனா.

அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. லண்டன் வந்த பிறகு பஸ்தியாம்பிள்ளைக்கு மூளை வேலை செய்த ஒரே சந்தர்ப்பம் அது. கில்டை மடித்து ஒரு தோல்பையில் போட்டு, ஏணி வைத்துக் கூரைக்குக் கீழே இருக்கிற லொஃப்டில் ஏறி, நத்தார்ப் பாலன் குடில் பெட்டிக்குள்ளே, சூசையப்பருக்கும் மாட்டுக்கும் நடுவில் ஒளித்து வைத்தார். நத்தாருக்கு இன்னும் எட்டு மாதம் கிடந்தது. அதற்குள் அந்தப் பெட்டியை யார் திறக்கப் போகிறார்கள்? நீளமும் அவருக்குப் பிரச்சினையாகத் தெரியவில்லை. நாற்பது வருசமாகச் சாரம் சுருட்டிக் கட்டின கை. இடுப்பில் இரண்டு சுருட்டுச் சுருட்டினால் சரி.

பிரியாவிடை நாள் வந்தது. கட்டிலில் மண்ணிறக் கோட்டும் காற்சட்டையும் கிடந்தன. பஸ்தியாம்பிள்ளை ஒரு மறுப்பும் இல்லாமல் போட்டுக்கொண்டார்.

"நான் வரேல்லை. மூண்டு மணிக்குக் கோயில்ல மரியாயின் சேனைக் கூட்டம்" என்றாள் அஞ்சலீனா.

"அச்சோ, நீர் வருவீர் எண்டெல்லோ ஜீனுக்குச் சொன்னனான்." ஜீன், மக்கென்சியின் மனுசி. கவலையான முகத்தை வைத்திருக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

"போன்ல ஜீனோட கதைச்சிட்டன். பிரச்சினையில்லை." கட்லற் தட்டைக் கையில் கொடுத்தாள். தோளில் தொங்கிய தோல்பையைப் பார்த்தாள். "அதுக்குள்ள என்ன?"

"மக்கென்சிக்குப் பரிசு."

"நல்ல பெரிசு" என்றாள். அவ்வளவுதான்.

அங்கேதான் பஸ்தியாம்பிள்ளை யோசித்திருக்க வேண்டும். அஞ்சலீனா ஒரு கேள்வியோடு நிறுத்துகிற ஆள் அல்ல. தேங்காய் வாங்கிக்கொண்டு வந்தாலும் எந்தக் கடை, ஏன் அந்தக் கடை, குலுக்கிப் பார்த்தீர்களா என்று மூன்று கேள்வி வரும். ஆனால் விடுதலை கண்ணுக்கு முன்னால் தெரிகிறபோது யாருக்கு யோசனை வரும்? நூற்றொன்பதாம் நம்பர் பஸ்ஸின் மேல்தட்டில் ஏறி, கட்லற்றை மடியில் வைத்துக்கொண்டு, ராசா மாதிரிக் குரொய்டனில் போய் இறங்கினார்.

மண்டபத்தின் பின்பக்கத்தால் நுழைந்து ரொய்லற்றுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். கோட்டைக் கழற்றினார். காற்சட்டையைக் கழற்றினார். கில்டை எடுத்துச் சுற்றி வாரை இழுத்துப் பூட்டினார். இடுப்பில் சுருட்டக் குனிந்தவர் அப்படியே நின்றார்.

சுருட்ட வேண்டியிருக்கவில்லை. கில்ட் முழங்காலில், நடு முழங்காலில், அளவுகோல் வைத்து வெட்டினது போல நின்றது.

பஸ்தியாம்பிள்ளைக்கு ஒரு நிமிசம் ஒன்றும் விளங்கவில்லை. தான் வளர்ந்துவிட்டேனோ என்று நினைத்தார். பிறகு, லொஃப்டில் கிடந்த குளிருக்குக் கம்பளி சுருங்கியிருக்கும், லண்டன் குளிரில் மனிசனே சுருங்குகிறான், துணி சுருங்காதா என்று மனதைத் தேற்றிக்கொண்டார். நீண்ட சொக்ஸை எடுக்கப் பைக்குள் கையை விட்டார். சொக்ஸுக்குக் கீழே வேறு ஒன்று தட்டுப்பட்டது. வெளியே எடுத்தார்.

சுத்தமாகத் தோய்த்து, இஸ்திரி போட்டு, நாலாக மடித்த ஓர் உள்காற்சட்டை. அவருடையதுதான். அவர் வைக்கவில்லை. அதில் ஊசியால் குத்தியிருந்த துண்டுக் கடதாசியில் தையல் சோக்கால் எழுதியிருந்தது: "காத்தோட்டம் வேண்டாம்."

கில்ட் போட்டவருக்குக் கிலி பிடித்தது. வியர்த்துக் கொட்டியது. ஆனால் உள்காற்சட்டையை மறக்காமல் போட்டுக்கொண்டார். மண்ணிறக் காற்சட்டைக்குத் திரும்பிவிடுவோமா என்று நினைக்கும்போது வெளியில் யாரோ, "பஸ்தி! உள்ளே நீயா? எல்லாரும் காத்திருக்கிறார்கள்!" என்று கதவில் தட்டினார்கள். இனி ஓட வழியில்லை. செபமாலையை எடுத்துத் தொங்குபையில் போட்டுக்கொண்டு, மண்டபக் கதவைத் தள்ளினார்.

கதவு திறந்ததும் பாக்பைப் கசெட் முழங்கியது. மக்கென்சி நுழையும்போது போடுவதற்கு என்று ஆயத்தமாக வைத்திருந்தார்கள். கசெட் போடுகிறவன் கில்டைக் கண்டதும் பொத்தானை அமத்திவிட்டான். எழுபது பேர் எழும்பிக் கை தட்டத் தொடங்கி, நுழைந்தது ஒரு மன்னார்க்காரர் என்று கண்டு, கை தட்டுவதா விடுவதா என்று தெரியாமல் பாதியில் நின்றார்கள்.

பஸ்தியாம்பிள்ளை மண்டபத்தை ஒரு முறை பார்த்தார். ஸ்கொட்லாந்துக்காரர் மட்டும் இருபது பேராவது இருப்பார்கள். அத்தனை பேரும் கோட், காற்சட்டை, கழுத்தில் ரை. மேடைக்குப் பக்கத்தில் மக்கென்சி. சாம்பல் நிறக் கோட், சாம்பல் நிறக் காற்சட்டை. முகம் பியர் கிளாசுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

"எங்கே உன்னுடைய கில்ட்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார் பஸ்தியாம்பிள்ளை.

"ஜீன் விடவில்லை" என்றார் மக்கென்சி, மிகவும் சின்னக் குரலில். "முழங்காலைக் காட்டுகிற வயதா என்று கேட்டாள்." பிறகு பஸ்தியாம்பிள்ளையை மேலிருந்து கீழே பார்த்தார். கண் கலங்கியது. ஆறடி இரண்டங்குலம் குனிந்து ஐந்தடி மூன்றைக் கட்டிப் பிடித்தது. "இந்த மண்டபத்தில் நீ ஒருவன்தான் ஆம்பிளை!"

எழுபது பேரும் இந்த முறை ஒழுங்காகக் கை தட்டினார்கள். அந்த ஒரு நிமிசம் பஸ்தியாம்பிள்ளைக்கு வாழ்க்கையில் வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. உள்காற்சட்டையைக்கூட மறந்துவிட்டார்.

அப்போது பக்கக் கதவால் ஜீன் வந்தாள். அவளோடு அஞ்சலீனா.

கரும்பச்சைக் காஞ்சிபுரம் சீலை. அதற்கு மேலே, சிவப்பும் கரும்பச்சையுமாகக் கட்டம் போட்ட கம்பளி பிளவுஸ். கைக்கு ஒரு கட்டம் பிசகாமல், தோளில் ஒட்டுத் தெரியாமல், முதுகில் மூன்று பொத்தானோடு. கில்டின் அடியில் குறைந்த ஏழங்குலமும் எங்கே போனது என்று பஸ்தியாம்பிள்ளைக்கு விளங்கியது.

கை தட்டல் அப்படியே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. பெண்கள் கதிரையை விட்டு எழும்பி ஓடினார்கள். துணியைத் தொட்டுப் பார்த்தார்கள், அஞ்சலீனாவைத் திருப்பிப் பார்த்தார்கள். படம் எடுக்க வந்தவர், "இப்படி ஓர் உடை நான் கண்டதேயில்லை" என்று பத்துப் படம் தட்டினார். பதினோராவது படத்துக்கு பஸ்தியாம்பிள்ளையும் பக்கத்தில் போய் நின்றார்.

"ஐயா, கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா? சீலை மறைக்கிறது" என்றார் படக்காரர்.

"பாவம், நிக்கட்டும்" என்றாள் அஞ்சலீனா. "என்ர மனுசன்தான்."

திரும்பும்போது காற்சட்டையை மாற்றவும் அவள் விடவில்லை. "ஆசைப்பட்டது ஆசையோட இருக்கட்டும், அப்பிடியே வாங்கோ" என்றாள். குரொய்டன் பஸ் தரிப்பிடத்தில் மே மாதக் காற்று கீழிருந்து மேலே அடித்தது. பஸ்தியாம்பிள்ளை முன்னால் ஒரு கை, பின்னால் ஒரு கை வைத்துக்கொண்டு நின்றார்.

"எப்ப கண்டுபிடிச்சனீர்?"

"சூசையப்பருக்குக் கை உடைஞ்சு கிடந்தது ஞாபகம் வந்தது. ஒட்டுவமெண்டு ஏறினன். பாத்தா மனுசன் பாவாடையைப் போத்துக்கொண்டு படுத்திருக்கிறார்."

"பிறகேன் ஒண்டும் சொல்லேல்லை?"

"வேண்டாமெண்டு சொன்னா நீங்கள் சாகும் வரைக்கும் அந்தக் கில்டைப் பற்றியே கதைச்சுக்கொண்டிருப்பியள். அந்தக் கதையைக் கேக்கிறதிலும் பாக்க ஒரு நாள் பாக்கிறது சுகம்." அவருடைய சேட்டுக் கொலரை நேராக்கினாள். "சும்மா சொல்லக்கூடாது. நல்லாத்தான் இருந்தது. நீளத்தைக் குறைக்காட்டி கேவலமா இருந்திருக்கும்."

"அப்ப இனிப் போடலாமே?"

"ஏன் போடக்கூடாது? உங்கட உடுப்பு. விரும்பின நேரம் போடுங்கோ."

பஸ் வந்தது. பஸ்தியாம்பிள்ளை இரண்டு கையையும் எடுத்துவிட்டு ஏறினார். வென்றுவிட்டேன் என்றே நினைத்தார். இருபத்தைந்து வருசத்தில் முதல் வெற்றி. அந்த வெற்றியை எங்கே கொண்டாடுவது என்று மூன்று கிழமை யோசித்து, யூன் பதின்மூன்றாம் திகதியைத் தெரிவு செய்தார். அந்தோனியார் திருநாள், ஞாயிற்றுக்கிழமை. கோயில் நிறைந்த சனம் வரும். ஊர்ச்சனம் எல்லாம் பார்க்கட்டும்.

அன்று காலை முழுகி, சவரம் செய்து, பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு அலுமாரியைத் திறந்தார். கில்ட் தொங்கின இடத்தில் தோல்வார் இரண்டு தொங்கின. பூட்டுகள் இரண்டு தொங்கின. வேறொன்றும் தொங்கவில்லை.

"அஞ்சலீனா! என்ர கில்ட் எங்க?"

"கோயிலுக்கு வரும்" என்று கீழிருந்து குரல் வந்தது. "நேரம் போச்சு, காற்சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்குங்கோ!"

பூசை நடுவில் நற்கருணை வாங்கச் சனம் எழும்பி வரிசையாக நின்றது. பஸ்தியாம்பிள்ளை கண்ணை மூடிச் செபித்துவிட்டுத் திறந்தார். அவருக்கு முன்னால் அவருடைய கில்ட் நின்றுகொண்டிருந்தது. முதல் துண்டு, அஞ்சலீனாவிடம் பிளவுஸ் தைப்பிக்கிற மேரிறோசின் முதுகில். இரண்டாவது, கோயில் பாடகர் குழுவில் மூத்த அம்மாவின் முதுகில். மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது. வலப்பக்க வரிசையில் இன்னும் இரண்டு. சிவப்பும் கரும்பச்சையுமாக ஏழு பிளவுஸ், கையைக் கூப்பிக்கொண்டு, மிகப் பக்தியாக, பீடத்தை நோக்கி நகர்ந்தன. எட்டாவது அவருக்குப் பக்கத்திலேயே நின்று, "முன்னால போங்கோ, வழியை மறிக்காதேங்கோ" என்று மெல்லச் சொன்னது.

பூசை முடிந்து வெளியில் வந்ததும் மேரிறோஸ் ஓடி வந்தாள்.

"அண்ணை, அக்கா சொன்னவ! மனுசன் ஒரு நாள் கட்டின பிறகு, பெண்களுக்கு உதவட்டுமெண்டு தானாத் தந்தவர் எண்டு. என்ன பெரிய மனசு உங்களுக்கு! என்ர மனுசன் ஒரு பழைய சாரத்தைக்கூடத் தரமாட்டார்."

அவளுக்குப் பின்னால் மற்ற ஆறு பேரும் நன்றியோடு சிரித்துக்கொண்டு நின்றார்கள். பஸ்தியாம்பிள்ளை வாயைத் திறந்தார். ஏழு முகங்களையும் பார்த்தார். மூடினார்.

"ஓம்" என்றார். "நல்லா இருக்குது. எல்லாருக்கும் நல்லா இருக்குது."

அவர்கள் போன பிறகுதான் அஞ்சலீனாவின் பக்கம் திரும்பினார். "நீர் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா தந்திருப்பியளே?"

"இல்லை."

"பிறகேன் கேக்கிறது?" அஞ்சலீனா கைப்பையைத் திறந்தாள். "உங்களை மறந்திட்டன் எண்டு நினைக்காதேங்கோ. கடைசியா ஒரு முழம் மிஞ்சினது." வெளியில் எடுத்துக் காட்டினாள். சிவப்பும் கரும்பச்சையுமாக, நுனி கூராக, அழகாகத் தைத்த ஒரு ரை. "குனியுங்கோ, கட்டிவிடுறன்."

பஸ்தியாம்பிள்ளை கழுத்தை நீட்டினார்.